முன்தரவு இல்லாத விண்ணப்பத்துக்கு நுண்நோக்கி நேரம் தரலாமா?

குவியம்:
நாங்கள் நம்பியிருக்கும் பொது நுண்நோக்கி மையம், முன்தரவுப் படங்கள், அதாவது முன்னோட்டமாக எடுத்துக் காட்டும் படங்கள், இல்லாத விண்ணப்பங்களை அடுத்த சுற்றிலிருந்து மதிப்பாய்வுக்கே அனுப்பாதாம். என் மாணவி இரண்டு மாதம் உழைத்து எழுதியது அப்படியே கிடக்கிறது. கருவி இல்லாதவர்களுக்காகத்தானே பொது மையம்? படத்தோடு வந்தால்தான் கருவி என்றால், அந்தப் படத்தை எங்கே எடுப்பது?

படிகம்:
மாதிரியை மெல்லிய பனிப்படலத்தில் உறையவைத்துப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்நோக்கியை இயக்குபவன் நான். பனி தடித்த, புரதம் கட்டிகட்டியாகத் திரண்ட மாதிரிகளோடு வருகிறார்கள். இரண்டு நாள் ஒதுக்கியிருப்போம். ஒன்றும் தேறாது என்பது முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். வீணாகும் அந்த நேரம் வரிசையில் காத்திருந்த இன்னொருவருடையது. சாதாரண எலக்ட்ரான் நுண்நோக்கியில் சாயமிட்டு எடுத்த ஒரு படத்தையாவது காட்டுங்கள் என்று கேட்பது கொடுமையா?

குவியம்:
உங்கள் கருவிக்கு அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். மெல்லிய தாள் போன்ற ஒளியைப் பாய்ச்சிப் படமெடுக்கும் ஒளித்தாள் நுண்நோக்கிக்கு அதே விதி எப்படிப் பொருந்தும்? உயிருள்ள செல் பல மணி நேர ஒளியைத் தாங்குமா, சாயம் வெளிறாமல் நிற்குமா என்பதை அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஐரோப்பாவின் பொது நுண்நோக்கி மையங்களை இணைக்கும் யூரோ பயோ இமேஜிங் அமைப்பில் இரண்டு கேள்விகளையும் தனித்தனியே பார்க்கிறார்கள். கருவியால் முடியுமா என்பதை அங்கே பணிபுரியும் வல்லுநர்களும், அறிவியல் தகுதியை வெளி வல்லுநர்களும் எடைபோடுகிறார்கள். இங்கேயோ ஒரு படம் இல்லை என்றதும் இரண்டு கதவும் மூடிவிடுகின்றன.

அலைநீளம்:
முன்தரவை விடப் பெரிய தடை விண்ணப்பத்தில் இருக்கும் பெயர். ஹப்பிள் தொலைநோக்கிக்கு 2018இல் விண்ணப்பித்தவர் யார் என்பதைத் தேர்வுக் குழுவிடமிருந்து மறைத்தார்கள். பெண்கள் தலைமையிலான விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் அந்தச் சுற்றில் ஆண்களுடையதைச் சற்றே தாண்டியது. நமக்கும் அது வேண்டும்.

படிகம்:
ஹப்பிளுக்கு யாரும் மாதிரி தயாரித்துக் கொண்டுபோவதில்லை, நண்பரே. இங்கே பாதி வெற்றி தயாரிக்கும் கையில் இருக்கிறது. அந்தக் கை யாருடையது என்று தெரியாமல் நான் எப்படிக் கருவி நேரத்தை ஒதுக்குவேன்?

அலைநீளம்:
அங்கேயும் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். தரவரிசை முடிந்த பிறகு, தேறிய விண்ணப்பங்களில் விண்ணப்பித்தவர்களின் திறன் பற்றிய குறிப்பை மட்டும் திறந்து பார்க்கிறார்கள். திறமையைப் பாருங்கள், ஆனால் கடைசியில்.

படிகம்:
சரி, அந்த வரிசை முறை எனக்குச் சம்மதமே. முன்தரவு இல்லாதவர்களுக்கு அரை நாள் சோதனை அமர்வு தரலாம் என்று எங்கள் மையக் கூட்டத்தில் கேட்கிறேன். அதில் தேறினால் முழு விண்ணப்பம்.

குவியம்:
நன்றி ஐயா, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அரை நாள் எங்களுக்குப் போதாது. பயணக் களைப்போடு வந்து சேரும் செல்கள் தேறுவதற்கே ஓர் இரவு வேண்டும். ஒளி நுண்நோக்கிக்கு இரண்டு நாள் என்று கேளுங்கள். கூடவே, செல்களை முந்தைய இரவே வைக்க ஓர் அடைகாப்புப் பெட்டியும்.