கொம்பிரஷன் குறைந்தால் எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

பரந்தன் வான்:
நான்கு சிலிண்டர் பெட்ரோல் வான், பழையது. ஏ9 வீதியில் ஏறினால் இழுவை இல்லை, நிற்கும்போது உதறுகிறது. கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும்போது வரும் அழுத்தம்) அளக்கிற கேஜ் இரவல் வாங்கி வீட்டில் பார்த்தேன்: 150, 145, 105, 150 பிஎஸ்ஐ. கராச்சில் காட்டினால் றிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையம்) போய்விட்டது, எஞ்சினை இறக்கவேண்டும் என்கிறார்கள். இறக்கட்டுமா?

ஒட்டுசுட்டான் தம்பி:
இப்போதைக்கு வேண்டாம் அண்ணை. முதலில் எப்படிப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். எஞ்சின் சூடாக இருந்ததா, நான்கு பிளக்கையும் கழற்றினீர்களா, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டர் அடித்தீர்களா? பற்றரி இளைத்திருந்தால் எல்லாக் கணக்கும் குறைவாகத்தான் வரும். ஆனால் உங்களுக்கு ஒன்று மட்டும் விழுந்திருக்கிறது, அதுவும் கூடியதன் முக்கால் பங்குக்குக் கீழே. அது உண்மையான குறைதான். றிங் என்று மட்டும் அந்தக் கணக்கு சொல்லவில்லை.

மாங்குளம் மெக்கானிக்:
கேஜை வைத்துக்கொண்டு வீட்டில் ஆராய்ச்சி பண்ணி என்ன பயன்? போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். அந்த மண்ணெண்ணெய் எரியாமல் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், றிங் தேயும். அப்போது யாரிடம் கேஜ் இருந்தது? கிக்கரைக் காலால் அமுக்கினால் தெரியும். 105 என்றால் கழற்று, கண்ணால் பார், முடிந்தது கதை.

ஒட்டுசுட்டான் தம்பி:
அண்ணை, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஒற்றைச் சிலிண்டரில் கால் சொல்லும், மறுக்கவில்லை. நான்கு சிலிண்டர் வானில் மூன்றாவதில்தான் குறைவு என்று கால் எப்படிச் சொல்லும்? கழற்றிப் பார்க்கிற செலவை நீங்களா கட்டப்போகிறீர்கள்? வன்னியில் ஒரு வான் ஒரு கிழமை நின்றால் அந்த வீட்டுக்கு வருமானம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கழற்றாமல் பிடிக்கக்கூடியதைக் கழற்றாமலே பிடிக்கவேண்டும்.

பரந்தன் வான், மூன்றாவது பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். கணக்கு நன்றாக ஏறினால் றிங் பக்கம். ஏறாவிட்டால் வால்வு, அல்லது ஹெட் கஸ்கற் (சிலிண்டருக்கு மேல் மூடியான ஹெட்டுக்கு அடியில் காற்று கசியாமல் வைக்கிற தகடு). பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் விழுந்திருந்தால் கஸ்கற் என்று முதலில் நினைப்பேன், உங்களுடையது அப்படி இல்லை.

பரந்தன் வான்:
விட்டுப் பார்த்தேன். 105 இருந்தது 110 ஆனது, அவ்வளவுதான்.

ஒட்டுசுட்டான் தம்பி:
அப்போ றிங்கை விடுங்கள். டப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அமுக்குகிற பாகத்துக்கும் இடையில் விடுகிற சின்ன வெளி, பார்த்தீர்களா? இறுகிப்போயிருந்தால் வால்வு முழுதாக மூடாது, அதைச் சரிபண்ண இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு ஃபீலர் கேஜ் போதும். அது சரியாக இருந்தால் அடுத்தது லீக் சோதனை. மூன்றாவது பிஸ்டனைக் கொம்பிரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளையால் காற்று ஏற்றி, எங்கே இரைகிறது என்று கேளுங்கள். சைலன்சரில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு. ஒயில் ஊற்றுகிற வாயில் பலமாக வந்தால் றிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கஸ்கற்.

வவுனியா டீசல்:
இதை இப்படிச் சாதாரணமாக எழுதாதீர்கள் தம்பி. 80 மில்லிமீற்றர் பிஸ்டன் மேல் 100 பிஎஸ்ஐ என்றால் கிட்டத்தட்ட 350 கிலோ பாரம். உச்சியிலிருந்து கொஞ்சம் விலகினாலும் கிராங் சுற்றும், அதில் ஸ்பானர் மாட்டியிருந்தால் கை முறியும். குறைந்த காற்றில் தொடங்கவேண்டும், ஸ்பானரைக் கழற்றிவிட வேண்டும். இன்னொன்று, இதை வாசித்துவிட்டு யாரும் லான்ட்மாஸ்டரிலோ (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) டிராக்டரிலோ பெட்ரோல் எஞ்சினுக்கான கொம்பிரஷன் கேஜைப் பூட்டவேண்டாம். டீசலில் 350, 400 என்று வரும். அந்த கேஜ் தாங்காது.

ஒட்டுசுட்டான் தம்பி:
சரி அண்ணை, அது எழுதியிருக்கவேண்டியதுதான். இரைச்சல் கேட்க 30 பிஎஸ்ஐ கூடப் போதும்.

பரந்தன் வான்:
டப்பெட் சரியாக இருக்கிறது. டயர் கடைத் தம்பி கொம்பிரசர் கொண்டுவந்தார், குறைவாகத்தான் ஏற்றினோம். சைலன்சரில் சர்ரென்று இரைகிறது. ஒயில் வாயில் லேசாக மட்டும்.

மாங்குளம் மெக்கானிக்:
எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கிறது. பார், கடைசியில் ஹெட் கழற்றத்தானே வேண்டும்?

ஒட்டுசுட்டான் தம்பி:
ஹெட் மட்டும் அண்ணை. எஞ்சினை இறக்கத் தேவையில்லை, பிஸ்டனில் கை வைக்கத் தேவையில்லை. இறக்கச் சொன்னவர்கள் றிங் செற், பெயாரிங், போர் வேலை என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டிருப்பார்கள்.

மாங்குளம் மெக்கானிக்:
அது சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழற்றினால் வடிவாகச் செய்விக்க வேண்டும். வால்வை மட்டும் மாற்றி அரைத்துப் பூட்டினால் காணாது, வால்வு ஓடுகிற குழாயான கைடில் ஆட்டம் இருக்கிறதா, ஹெட் முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்மட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லு. பழைய கஸ்கற்றைத் திரும்பப் போட விடாதே. கொண்டுவந்தால் நானே பார்க்கிறேன்.