நெபுலைசர் வச்சதும் கை நடுங்குது, ஏன்?

வேப்பமரத்தடி:
இன்னைக்கு காலைல அம்மாவுக்கு வீசிங் ஜாஸ்தியாகி கிளினிக்ல சால்ப்யூட்டமால் நெபுலைசர் வச்சாங்க, மூச்சு சீக்கிரமே சரியாயிடுச்சு ஆனா வீட்டுக்கு வந்தா காபி டம்ளரையே புடிக்க முடியல, பாதி காபி டவராவுலதான். நெஞ்சும் படபடங்குதாம். மருந்து நுரையீரலுக்குத்தானே போகுது, கை ஏன் நடுங்கணும்? பக்கத்து வீட்டு அக்கா மைக்ரேனுக்கு போடுற ப்ரொப்ரனலால் நடுக்கத்துக்கும் கேக்கும்னு ஒண்ணு குடுத்திருக்காங்க, போடலாமா?

மருந்துக்கடை தம்பி:
முதல்ல அந்த மாத்திரையை திருப்பிக் குடுத்துடுங்க, மத்தது அப்புறம்.
மூச்சுக்குழாய் தசை செல்லோட சவ்வுல பீட்டா-2 ரிசெப்டர்னு ஒரு புரதம் இருக்கு, சவ்வை 7 தடவை குறுக்கால தச்ச மாதிரி உள்ள வெளிய போய் வரும். அட்ரினலின் உக்காருற எடத்துல சால்ப்யூட்டமால் உக்காந்ததும் உள்பக்கம் ஜி-புரோட்டீன்னு சேதி கடத்துற புரதம் முழிச்சு, சைக்ளிக் ஏஎம்பிங்கிற சேதி மூலக்கூறு ஏறி, தசை தளரும். ப்ரொப்ரனலாலும் அதே எடத்தை புடிச்சுக்கும், ஆனா ஒரு வேலையும் செய்யாது, வர்றவனையும் விடாது. வீசிங்காரங்களுக்கு குழாய் இன்னும் இறுகிடலாம், அவசரத்துக்கு இன்ஹேலரும் சரியா கேக்காது.
கை தசையிலயும் இதே ரிசெப்டர் இருக்கு, அதான் நடுக்கம். இதயத்துலயும் கொஞ்சம் உண்டு. அலர்ஜி இல்ல. இன்ஹேலர்ல ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், நெபுலைசர்ல வழக்கமா 2.5 மில்லிகிராம், அதாவது 25 பஃப் கணக்கு (முழுசா உள்ள போகாதுன்னாலும்). படபடப்பு கூடினா மட்டும் கிளினிக்குக்கு போன் போடுங்க.

லேப் எலி:
இந்த ரிசெப்டரோட வடிவத்தை 2007-ல விஞ்ஞானி கோபில்கா குழு படிகமாக்கி காட்டுச்சு, 2012-ல அவருக்கும் இன்னொரு விஞ்ஞானி லெஃப்கோவிட்ஸுக்கும் வேதியியல் நோபல். எனக்கு புடிச்சது வேற: மருந்து ஓயாம வந்து தட்டிக்கிட்டே இருந்தா அரெஸ்டின்னு ஒரு புரதம் வந்து ஒட்டிக்கும், செல் ரிசெப்டரையே உள்ள இழுத்துக்கும். நீல இன்ஹேலர் (சால்ப்யூட்டமால்தான்) முன்ன மாதிரி கேக்கலன்னு சிலர் புலம்புறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

வேப்பமரத்தடி:
மாத்திரையை குடுத்தாச்சு, அக்கா முகம்தான் சுருங்கிடுச்சு. நடுக்கம் மதியமே போயிடுச்சு. நீங்க சொன்னப்புறம் அலமாரியை பாத்தா அம்மா நீல இன்ஹேலர் மாசம் ஒண்ணு காலி பண்றாங்க, ஒவ்வொண்ணும் 200 பஃப்.

மருந்துக்கடை தம்பி:
மாசம் ஒண்ணா?! வருஷத்துக்கு 3 தாண்டினாலே ஆஸ்துமா கட்டுப்பாட்டுல இல்லன்னு அர்த்தம். நீலத்தை மட்டும் நம்பி ஓட்டாதீங்கன்னு 2019-லேயே ஜினாங்கிற உலக ஆஸ்துமா அமைப்போட வழிகாட்டி சொல்லிடுச்சு. காலி டப்பாவையெல்லாம் பையில போட்டுக்கிட்டு நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க, ஸ்டீராய்டு இன்ஹேலர் பத்தி நீங்களே கேளுங்க.