66 வயதில் தனியாக ஊருக்குத் திரும்பலாம் என்று நினைக்கிறேன்: லண்டன் பென்சன் போதுமா?

கரவெட்டி மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிக்க மட்டும் செய்தேன், இன்றுதான் முதல்முறை எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற 2026 பெப்ரவரியில் எனக்கு 66 முடிகிறது. 1991 இல் லண்டன் வந்தேன். வந்த நாள் முதல் வேலைதான், கடைசி 17 வருடம் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில். என்னவர் 2022 டிசம்பரில் தவறிவிட்டார். அவருக்கு வருத்தம் கடுமையாக இருந்த மூன்று வருடமும் நான் வேலைக்குப் போகவில்லை, அரசாங்க உதவி எதுவும் கேட்கவுமில்லை. கேட்கலாம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பென்சனுக்காகச் சம்பளத்தில் வெட்டுகிற நஷனல் இன்சூரன்ஸ் 28 வருடம்தான் கட்டியிருக்கிறேனாம், அதனால் கிழமைக்கு 184 பவுண் 20 பென்ஸ் வரும் என்று கணக்குக் காட்டுகிறது. தனியார் பென்சன் இல்லை. சேமிப்பு எட்டாயிரம் பவுண் இருக்கிறது. இருப்பது கவுன்சில் (நகரசபை) ஃபிளாட், மாத வாடகை 540 பவுண். மகன் பேர்மிங்ஹாமில், நல்ல பிள்ளை, ஆனால் அவனுக்கும் இரண்டு சின்னதுகள், வீட்டுக்கடன்.

ஊரில், யாழ்ப்பாணம் கரவெட்டியில், அப்பாவின் வீடு என் பெயரில்தான் இருக்கிறது. கூரை 2013 இல் மாற்றினோம். சித்தியின் மகள் பக்கத்து வளவில் இருந்துகொண்டு கூட்டிப் பெருக்கி விளக்கு வைக்கிறாள். போன ஆவணியில் ஆறு கிழமை போய் நின்றேன். விடிய ஐந்தரைக்குக் கிணற்றடியில் வாளியைப் போட்டு இழுக்கும்போது அந்தக் கப்பியின் கிரீச் சத்தம் கேட்டு அணில்கள் மாமரத்தில் மேலே ஓடின. சின்ன வயதில் கேட்ட அதே சத்தம். முழங்கால் நோவுக்கு இங்கே தினமும் போடுகிற குளிசையை அங்கே இரண்டாவது கிழமையே மறந்துவிட்டேன்.

நான் வேலை செய்த இடத்தில் எத்தனையோ பேர் யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கார் தரிக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டு நாளை முடித்ததைப் பார்த்தவள் நான். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த கை இது. எனக்கு அது வேண்டாம்.

இப்படித் தனியாகப் போனவர்கள் இங்கே இருக்கிறீர்களா? மாதம் என்ன செலவாகிறது? பென்சன் அங்கே போனால் கூடாமல் அப்படியே நின்றுவிடும் என்று கோயிலில் ஒரு அக்கா சொன்னா, உண்மையா? 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ விசா இருக்கிறதாம், அதற்கு மாதம் 1500 டொலர் கொண்டுவர வேண்டுமாம், என்னிடம் அவ்வளவு இல்லையே. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தபோது இலங்கைக் குடியுரிமை போய்விட்டது.

நெல்லியடிச் சந்தி எழுதியது:

தங்கச்சி, நான் உங்கள் ஊருக்குப் பக்கம்தான், 2016 கடைசியில் தனியாக வந்தவன். மனைவி இல்லை, பிள்ளைகள் கனடாவில்.

கோயிலில் அந்த அக்கா சொன்னது உண்மை. 2016 இல் புதிய முறை தொடங்கியபோது முழுப் பென்சன் கிழமைக்கு 155 பவுண் 65 பென்ஸ். எனக்கு இன்றைக்கும் அதே 155.65 தான் வருகிறது. லண்டனில் என்னோடு ஒன்றாக வேலை செய்து என்னோடு ஒன்றாக ஓய்வுபெற்ற நண்பருக்கு 2025-26 இல் 230.25. ஒவ்வொரு கிழமையும் 74 பவுண் 60 பென்ஸ் வித்தியாசம். இருவரும் கட்டியது ஒரே கட்டணம். பிலிப்பைன்ஸுக்கோ மொரீசியஸுக்கோ துருக்கிக்கோ போயிருந்தால் எனக்கும் ஏப்ரலுக்கு ஏப்ரல் கூடியிருக்கும். இலங்கை, இந்தியா, கனடா, அவுஸ்திரேலியா என்றால் உயராது. அந்த நாடுகளோடு இதற்கான ஒப்பந்தம் இல்லை என்பதுதான் காரணம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை இது போய், 2010 இல் ஓய்வூதியர்களுக்கு எதிராகத்தான் தீர்ப்பு வந்தது. ஒன்பது வருடமாக இதை நினைத்தால் வயிறு எரிகிறது. நீங்கள் வரும்போது தெரிந்துகொண்டே வாருங்கள், அதுதான் நான் கேட்பது.

இப்போது, 2025 கடைசியில், பவுண் 400 ரூபாவைச் சுற்றி நிற்பதால் உங்களுக்கு மாதம் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் கூட வரும். எனக்கு மாதச் செலவு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் அளவில். அதில் காலையில் வந்து சமைத்து வீடு கூட்டுகிற அம்மாவின் சம்பளம், ஓட்டோ, மின்சாரம், மருந்து, கோயில், செத்தவீடு, கலியாணவீடு எல்லாம் அடங்கும். இந்தக் கடைசி மூன்றையும் லண்டனில் இருந்து கணக்குப் போடுகிறவர்கள் மறந்துவிடுவார்கள். ஊரில் இருந்தால் கைவீச்சாகப் போய்வர முடியாது.

சரி, இன்றைக்குப் போதும். ஆனால் 2022 ஐ நினைத்துப் பாருங்கள். டொலர் 200 ரூபாவில் இருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் 360 ஆனது. என் பவுணுக்கு ரூபா கூடியது உண்மைதான், அதை வைத்து என்ன செய்வது, காஸ் சிலிண்டர் இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, அந்த வருடம் செப்டெம்பரில் விலைவாசி 70 வீத அளவில் ஏறி நின்றது. பிறகு ரூபா கொஞ்சம் தேறியது, ஏறிய விலை இறங்கவில்லை. முற்றத்தில் மூன்று கல்லை வைத்து, விழுந்த தென்னோலையையும் பன்னாடையையும் எரித்துத் தேத்தண்ணி வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெடியன் தன் மோட்டார் சைக்கிளில் இருந்து அரைப்போத்தல் பெற்றோல் உறிஞ்சித் தந்து என்னை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அந்தப் பெடியன் இல்லையென்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மந்திகையில் வைத்தியம் இலவசம், கிளினிக் நாளில் ஆறு மணிக்கே போய் நம்பர் எடுக்க வேண்டும். பெரிய வருத்தம் என்றால் யாழ் போதனா வைத்தியசாலை.

குரொய்டன் வாசகி எழுதியது:

அக்கா, நான் வயதானவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலையில் பன்னிரண்டு வருடம் இருக்கிறேன். அண்ணை சொன்னதோடு இன்னும் சில விஷயம் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் விசா. அந்த 1500 டொலர் திட்டம் உங்களுக்குத் தேவையே இல்லை. நீங்கள் இலங்கையில் பிறந்து, வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்ததால் இலங்கைக் குடியுரிமையை இழந்தவர். அப்படியானவர்கள் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், 55 வயதுக்கு மேல் என்பதே அதற்கு ஒரு தகுதி. லண்டனில் இருக்கும் இலங்கைத் தூதரகத்திலேயே கொடுக்கலாம். பிறப்புச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட் எல்லாவற்றையும் இப்போதே தேடி எடுங்கள், இழுபடும்.

அடுத்தது நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் 184 ஐ லண்டனில் வைத்துப் பார்த்துத்தான் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். லண்டனில் இருந்தால் அந்த 184 மட்டும் இல்லை அக்கா. பென்சன் கிரெடிட் என்று ஒன்று இருக்கிறது, வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கு, 2025-26 இல் தனி ஆளுக்குக் கிழமைக்கு 227 பவுண் 10 பென்ஸ் வரைக்கும் நிரப்பித் தருவார்கள். பத்தாயிரத்துக்குக் குறைந்த சேமிப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அது கிடைத்தால் வாடகைக்கும் கவுன்சில் வரிக்கும் உதவி வரும். ஆக, இங்கே இருந்தால் 540 வாடகையை நீங்கள் கட்டவே தேவைப்படாமல் போகலாம். ஊருக்கு நிரந்தரமாகப் போனால் இது எல்லாம் நிற்கும், நாலு கிழமைக்கு மேல் வெளிநாட்டில் நின்றாலே பென்சன் கிரெடிட்டும் வாடகை உதவியும் நிற்கும். பென்சன் மட்டும்தான் உங்களோடு வரும். எத்தனையோ பேர் இதைத் தெரியாமல் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போய், திரும்பி வந்து அழுதிருக்கிறார்கள். நீங்கள் போவதென்றால் எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று தெரிந்து போங்கள்.

மூன்றாவது, அவரைப் பார்த்த அந்த மூன்று வருடம். அதை வாசித்தபோது எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. 2020 ஏப்ரலில் இருந்து 2023 ஏப்ரல் வரை என்றால் அந்த மூன்று வருடத்தையும் இன்னும் காசு கட்டி நிரப்பலாம், ஆறு வருடம் வரைக்கும் பின்னோக்கி விடுவார்கள். 2025-26 கணக்குப்படி ஒரு வருடத்துக்கு 920 பவுண் அளவில் வரும், அதற்குக் கிழமைக்கு 6 பவுண் 58 பென்ஸ் கூடும். மூன்றையும் கட்டினால் வருடத்துக்கு ஆயிரம் பவுணுக்குக் கொஞ்சம் கூட, அதாவது கட்டிய காசு மூன்று வருடத்துக்குள் திரும்பி வந்துவிடும். இது நீங்கள் ஊருக்குப் போவதானால் நல்லது. இங்கேயே இருப்பதானால் கட்ட வேண்டாம், பென்சன் கூடுகிற அளவுக்குப் பென்சன் கிரெடிட் குறைந்துவிடும். அதனால் முடிவெடுத்த பிறகு கட்டுங்கள், அதற்கு முதல் பென்சன் அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்து, கட்டினால் உங்கள் பென்சன் உயருமா என்று கட்டாயம் கேளுங்கள்.

கடைசியாக, போவதென்றால் ஏப்ரல் உயர்வு கைக்கு வந்த பிறகு போங்கள். நீங்கள் புறப்படும்போது எந்தத் தொகையோ அதுதான் அங்கே.

திருச்சிக்காரி எழுதியது:

நான் இந்தியாவில் பிறந்த பிரிட்டிஷ்காரி, ஓசிஐ அட்டையில் (இந்திய வம்சாவளியினருக்கான வாழ்நாள் விசா மாதிரி) திருச்சியில் நாலு வருஷமாக இருக்கிறேன். பென்சன் கதை இங்கேயும் அதேதான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். லண்டனில் நான் இருபது வருஷம் வைத்திருந்த வங்கிக் கணக்கை, வெளிநாட்டு முகவரி என்று தெரிந்ததும் இரண்டு மாத அவகாசம் கொடுத்து மூடிவிட்டார்கள். புறப்படும் முன்பே உங்கள் வங்கியில் நேராகக் கேட்டுவிடுங்கள், பென்சனை உள்ளூர் வங்கிக்கே நேரடியாகவும் அனுப்புவார்கள். லண்டன் சிம் கார்டை உயிரோடு வைத்திருங்கள், எல்லா இரகசிய எண்ணும் அதற்குத்தான் வரும். அப்புறம், நாம் உயிரோடு இருக்கிறோமா என்று கேட்டு ஒரு படிவம் வரும். சாட்சிக் கையெழுத்து வாங்கி 16 வாரத்துக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் பென்சன் நின்றுவிடும். முகவரி மாறினால் அன்றைக்கே சொல்லுங்கள்.

ஹரோ பிள்ளை எழுதியது:

அன்ரி, உங்கள் கிணற்றடியை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மாவும் உங்களைப் போலத்தான், 2018 இல் தனியாகக் கொக்குவில் போனா. ஐந்து வருடம் அம்மா எவ்வளவு சந்தோஷமாக இருந்தா என்று எனக்குத் தெரியும். வீடியோவில் வரும்போதெல்லாம் ஒரு வாழைக்குலையையோ பூத்த நந்தியாவட்டையையோ காட்டாமல் விட மாட்டா. லண்டனில் அம்மாவின் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

2023 கார்த்திகையில், மழைநாள், இரவு ஒரு மணிக்கு மலசலகூடம் போக எழும்பினா. எங்கள் வீட்டில் அது வெளியில், கிணற்றுக்கு அங்காலே. சீமெந்து நிலம் பாசி பிடித்து வழுக்கியது. இடுப்பு எலும்பு முறிந்து, ரெலிபோன் கட்டிலில் இருக்க, காலை ஆறரைக்குப் பால் கொண்டுவந்த தம்பி கேற்றடியில் நின்று கூப்பிட்டுச் சத்தமில்லாமல் எட்டிப் பார்க்கும்வரை அம்மா அந்த ஈரத்தில் கிடந்தா. ஐந்தரை மணித்தியாலம். அம்மா இப்போது என்னோடு இருக்கிறா, நடக்கிறா. திரும்பி நிரந்தரமாக வந்ததால் முதல் நாளிலிருந்தே இங்கே வைத்தியம் இலவசமாகக் கிடைத்தது, பென்சனும் இன்றைய தொகைக்கு உயர்ந்தது. மற்ற உதவிகளுக்குத்தான் நிரந்தரமாக வந்துவிட்டோம் என்று நிரூபிக்க அலைந்தோம்.

போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அம்மாவே அப்படிச் சொல்ல மாட்டா. படுக்கிற அறையோடு சேர்த்து மலசலகூடம் கட்டாமல் போகாதீர்கள். பிடித்து எழும்பக் கம்பி போடுங்கள். ரெலிபோனைக் கழுத்தில் தொங்கவிடுங்கள். இரவில் அந்த வீட்டுக்குள் இன்னொரு மூச்சு இருக்க வேண்டும், பல்கலைக்கழகத்துக்குப் போகிற ஒரு பிள்ளையை வாடகை வாங்காமல் இருத்தினாலும் சரி.

கரவெட்டி மகள் எழுதியது:

எல்லாவற்றையும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். ஹரோ பிள்ளை எழுதியதை வாசிக்கும்போது இரண்டுபேருக்கும் தொண்டை அடைத்துவிட்டது. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், நந்தியாவட்டை எங்கள் வளவிலும் இருக்கிறது.

குரொய்டன் தங்கச்சி, பென்சன் கிரெடிட் பற்றி இன்றுவரை எனக்குத் தெரியாது. அது தெரிந்த பிறகும் யோசித்துப் பார்த்தேன், மனம் ஊரில்தான் நிற்கிறது. ஆனால் அவசரப்பட மாட்டேன். இரட்டைக் குடியுரிமைக்கு இந்த மாதமே கொடுக்கிறேன். பென்சன் கிரெடிட்டுக்குப் பெப்ரவரியிலேயே போடுவேன், ஏப்ரல் தாண்டும்வரை இங்கே இருப்பேன். கோடையில் மகன் குடும்பத்தோடு நாலு கிழமைக்குள் போய்வந்து, அதன் பிறகுதான் ஃபிளாட்டைப் பற்றி முடிவு. மூன்று வருடக் காசைத் தானே கட்டுவதாக மகன் சொல்கிறான், அப்பாவைப் பார்த்த வருடம்தானே அம்மா என்றான்.

சித்தியின் மகளின் மூத்தவள் வருகிற வருடம் யாழ் பல்கலைக்கழகம் போகிறாள். அவளை இரவில் என்னோடு வந்து படுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

நெல்லியடி அண்ணை, எங்கள் வீட்டு மலசலகூடமும் வெளியில்தான், கிணற்றுக்கு இருபது அடி தள்ளி. தென்கிழக்கு அறையோடு சேர்த்து ஒன்று கட்டுவதென்றால் உங்களுக்குத் தெரிந்த நல்ல மேசன் இருக்கிறாரா?

நெல்லியடிச் சந்தி எழுதியது:

இருக்கிறார் தங்கச்சி, என் வீட்டுக்குச் செய்தவர்தான், நேர்மையான ஆள். அறையின் நீள அகலமும் கிணறு எந்தப் பக்கம் என்பதும் தனிமடலில் எழுதுங்கள். குழியைக் கிணற்றுக்குக் கிட்ட வெட்ட விடக்கூடாது, இது சுண்ணாம்புக்கல் நிலம், ஊறிப் போய்விடும். இப்போது மாரி, தை பிறந்ததும் தொடங்கலாம். நானே வந்து பார்த்து அளவு எடுத்து அனுப்புகிறேன், சித்தியின் மகளுக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.