புதுப்பிப்பு: ஏலியன் தொகுப்பில் நீண்ட வடிவம் இருக்கிறது, ஆனால் உள்ளே தேட வேண்டும்

ஏலியன் வரிசையின் முதல் நான்கு படங்கள் அடங்கிய டிஜிட்டல் தொகுப்பு பாதி விலைக்கு வந்திருக்கிறதே, அதில் ‘ஏலியன்ஸ்’ (1986) நீண்ட வடிவம் இருக்குமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

“ஓடும் நேரத்தைப் பாருங்கள்” என்ற யோசனைதான் கைகொடுத்தது. தியேட்டரில் வந்தது 137 நிமிடம், ஸ்பெஷல் எடிஷன் என்கிற நீண்ட வடிவம் 154. கடைப் பக்கத்தில் 137 என்றுதான் போட்டிருந்தது. தயங்கித் தயங்கி, தள்ளுபடி முடிகிற அன்று வாங்கிவிட்டேன்.

பிளே பட்டனை அழுத்தினால் 137தான் ஓடுகிறது. 154 நிமிட வடிவம் ‘எக்ஸ்ட்ராஸ்’ பகுதிக்குள் தனியாக இருந்தது. ‘ஏலியன் 3’ படத்தின் நீண்ட வடிவமான அசெம்பிளி கட்டும் அங்கேதான்.

நான் எதிர்பாராதது, என் டிவி ஆப்பில் அந்தப் பகுதியே தெரியவில்லை. லேப்டாப்பில் திறந்து எச்டிஎம்ஐ கேபிள் போட்டுத்தான் பார்த்தேன்.

சரியான வடிவம்தானா என்று உறுதிசெய்ய ஆரம்பக் காட்சி ஒன்று போதும். விண்வெளியில் பல பத்தாண்டுகள் உறங்கிவிட்டு எழுந்த நாயகி ரிப்ளியிடம் அவள் மகள் முதுமையில் இறந்துவிட்ட செய்தியைச் சொல்லிப் புகைப்படத்தைக் காட்டுவார்கள். பதினோராவது பிறந்தநாளுக்குள் திரும்பிவிடுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தவள் அவள். பிறகு சிறுமி நியூட்டை அவள் விடாமல் தேடிப் போவதற்கு இந்தக் காட்சிதான் வேர். இது வந்தால் 154தான்.