மை புள்ளி தெரியுமா, தெரியாதா?

வெள்ளிஉப்பு:
நேற்று ஒருவர் எழுதியிருந்தார், கம்ப்யூட்டரிலிருந்து நெகட்டிவ் எடுத்து டார்க்ரூமில் வெள்ளி உப்பு பூசிய பேப்பரில் பிரிண்ட் போட்டால் அதுவும் அசல் சில்வர் பிரிண்ட்தான், யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்று. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. யாராலும் முடியாதா? நான் கண்டுபிடிப்பேன். இங்க்ஜெட்டில் அடித்த நெகட்டிவைப் பளபளப்பான பேப்பரின் மேல் ஒட்ட வைத்து ஒளி பாய்ச்சி, அதாவது காண்டாக்ட் போட்டால், வானம் இருக்கும் இடத்தில் மை புள்ளி அப்படியே இறங்கியிருக்கும். 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் போதும்.

நிழல்பிடிப்பவன்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். பிரேசில் புகைப்படக்காரர் செபஸ்தியாவோ சல்காடோ, ஜெனிசிஸ் என்ற படத்தொகுப்பு வேலையின் நடுவில், 2008 வாக்கில், டிஜிட்டலுக்கு மாறினார். அந்த ஃபைல்களை 4க்கு 5 அங்குல நெகட்டிவாக மாற்றி, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜரில் ஏற்றி, சில்வர் பேப்பரில்தான் பிரிண்ட் போட்டார்கள். ஊர் ஊராகக் கண்காட்சி நடந்தது. எங்கே சார் உங்கள் புள்ளி?

வெள்ளிஉப்பு:
அது ஃபிலிம் ரெக்கார்டர். நிஜ ஃபிலிமின் மேல் ஒளியால் எழுதி, டெவலப் செய்து எடுப்பது. அங்கே மையே கிடையாது, புள்ளி எங்கிருந்து வரும்? உங்கள் மேசையில் இருப்பது ஃபிலிம் ரெக்கார்டரா, எப்சன் பிரிண்டரா? அதை மட்டும் சொல்லுங்கள். சல்காடோ பெயரைச் சொல்லி எப்சனைக் கரையேற்ற வேண்டாம்.

கட்டைவிரல்:
முதலில் எதை டிஜிட்டல் நெகட்டிவ் என்கிறோம், எதை டார்க்ரூம் பிரிண்ட் என்கிறோம் என்று முடிவு செய்துகொண்டு பேசலாமே? இரண்டு பேரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

நிழல்பிடிப்பவன்:
எப்சன்தான், அதில் என்ன வெட்கம்? பிக்டோரிகோ என்ற தெளிந்த பிளாஸ்டிக் ஷீட்டில் அடிக்கிறேன். சயனோடைப், பிளாட்டினம் என்ற பழைய முறைகளில் பிரிண்ட் போட்டிருக்கிறேன், ஒரு புள்ளி கூடத் தெரிந்ததில்லை. அப்புறம், 8க்கு 10 பிரிண்ட்டைச் சுவரில் மாட்டினால் ஜனங்கள் நாலடி தள்ளி நின்று பார்ப்பார்கள், லூப்போடு யாரும் வருவதில்லை.

வெள்ளிஉப்பு:
சயனோடைப்பில் தெரியாது, ஏனென்றால் ரசாயனம் பேப்பரின் நாருக்குள் ஊறுகிறது, நார் புள்ளியை விழுங்கிவிடும். சில்வர் பேப்பரில் ஜெலட்டின் கண்ணாடி மாதிரி வழவழவென்று மேலே கிடக்கிறது, எது பட்டாலும் காட்டிக்கொடுக்கும். நான் கேட்டது சில்வர் பேப்பரைப் பற்றி. ஒரு குளிர்காலம் முழுக்க இதோடு மல்லுக்கட்டியவன் நான். புள்ளியோடு முடிந்ததா? ஷீட்டை இழுக்கும் சின்னப் பல்சக்கரங்கள் வரிசையாகக் குத்திய தடம் ஒரு பக்கம், கண்ணாடிக்கும் ஷீட்டுக்கும் நடுவில் நியூட்டன் வளையம் இன்னொரு பக்கம். அதற்கு மேல் கலர் மை. ஒளியின் நிறத்துக்கேற்ப கிரேடு, அதாவது கான்ட்ராஸ்ட் அளவு, மாறும் மல்டிகிரேடு பேப்பரில் நீல ஒளி கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும், பச்சை ஒளி குறைக்கும், மஞ்சள் மையோ நீலத்தைத் தடுக்கும், அப்படியென்றால் நீங்கள் எல்லா மையும் கலந்து அடிக்கும்போது ஒவ்வொரு டோனும் ஒவ்வொரு கிரேடில் போய் விழும். இதெல்லாம் தெரிந்துதான் "யாராலும் முடியாது" என்று எழுதினீர்களா?

சிவப்புவிளக்கு:
கறுப்பு, சாம்பல் மை மட்டும் வைத்து அடித்தால் அந்தக் கிரேடு தொல்லை பெருமளவு போய்விடும். புள்ளிக்கும் வழி உண்டு. மைப் பக்கம் மேலே இருக்கும்படி ஷீட்டைத் திருப்பிப் போட்டால் ஒளி கொஞ்சம் பரவும், புள்ளி கரைந்துவிடும்.

வெள்ளிஉப்பு:
புள்ளி கரையும்போது படத்தில் இருப்பவரின் கண் இமையும் சேர்ந்து கரையும். மைப் பக்கம் பேப்பரோடு ஒட்டியிருந்தால்தான் ஷார்ப். காண்டாக்ட் போடுவதே அதற்காகத்தானே? ஆக, புள்ளி இருக்கிறது என்று நீங்களும் ஒத்துக்கொண்டாயிற்று.

சிவப்புவிளக்கு:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. போன வருடம் பைரோ டெவலப்பர் விவாதத்திலும் இதே மாதிரிதான் என் வாயில் வார்த்தையைத் திணித்தீர்கள்.

வெள்ளிஉப்பு:
பைரோ விஷயத்தில் நான் சொன்னது இன்றைக்கும் சரிதான்.

நிழல்பிடிப்பவன்:
உங்களுக்கு உண்மையில் கோபம் புள்ளி மேலா, உங்கள் பிரிண்ட்டையும் மாட்டிய அந்தக் கண்காட்சி மேலா?

வெள்ளிஉப்பு:
கண்காட்சி மேலும்தான், மறைக்கவில்லை. மூன்று ராத்திரி நின்று, ஒளியை அங்கங்கே மறைத்தும் கூட்டியும் டாட்ஜும் பர்னும் கையால் செய்து, ஃபைபர் பேப்பரை ஒரு மணி நேரம் கழுவி எடுத்த பிரிண்ட் என்னுடையது. பக்கத்தில் மாட்டியதில் டாட்ஜ், பர்ன் எல்லாம் மவுஸில் முடிந்துவிட்டது. இரண்டுக்கும் கீழே ஒரே அட்டை, "சில்வர் ஜெலட்டின் பிரிண்ட்". நடத்தியவர்களிடம் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார்கள். அந்தப் பக்கத்துப் பிரிண்ட்டின் வானத்தில் புள்ளி இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

நிழல்பிடிப்பவன்:
மவுஸில் செய்தால் உழைப்பு இல்லையா? ஒரு பேப்பருக்கு ஏற்றபடி நெகட்டிவின் டோனை மாற்றும் வளைவைச் சரிபார்க்க எத்தனை டெஸ்ட் ஸ்ட்ரிப் போடுகிறேன் தெரியுமா? டிரேயில் நானும்தான் கை நனைக்கிறேன், பிக்ஸர் நாற்றம் என் சட்டையிலும்தான் இருக்கிறது. சல்காடோவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

வெள்ளிஉப்பு:
சல்காடோவே டிஜிட்டல் ஃபைலில் டிரை-எக்ஸ் ஃபிலிமின் மணல்மணி போன்ற கிரெயினை சாஃப்ட்வேரில் சேர்த்துத்தான் நெகட்டிவ் எடுக்கக் கொடுத்தார். வழவழப்பான டோன் காட்டிக்கொடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கட்டைவிரல்:
கிரெயின் என்பது வேறு, மை புள்ளி என்பது வேறு. இதற்குத்தான் முதலிலேயே கேட்டேன்.

புதுரோல்:
ஒரு சந்தேகம், வீட்டில் குளியலறையில் காண்டாக்ட் போட என்லார்ஜர் அவசியமா, சாதாரண பல்ப் போதுமா?

நிழல்பிடிப்பவன்:
சரி, பிரிண்ட்டை 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்து போடுகிறேன், புள்ளியைக் காட்டுங்கள்.

வெள்ளிஉப்பு:
ஸ்கேன் வேண்டாம், ஸ்கேனில் எதையும் துடைத்துவிடலாம். பிரிண்ட்டைத் தபாலில் அனுப்புங்கள். பளபளப்பான ஃபைபர் பேப்பர், எப்சன் நெகட்டிவ், மைப் பக்கம் கீழே, படத்தில் பாதி வெறும் வானம். லூப் என்னிடம் இருக்கிறது.