அவசரம்: மடிக்கணினி நீலத் திரையில் நிற்கிறது, ஏதோ எண் கேட்கிறது, உள்ளே போக முடியவில்லை

மோல்மேன் குமரன் | 16 அக்டோபர் 2025, இரவு 9.10

வணக்கம். எங்கள் ஞாயிறு தமிழ்ப் பள்ளியின் மடிக்கணினி நேற்று வரை நன்றாக ஓடியது. இன்று மாலை திறந்தால் நீலத் திரை வந்து எண் கேட்கிறது. வழக்கமான கடவுச்சொல்லைப் போட்டால் எடுக்கவே இல்லை. திங்கள்கிழமை தீபாவளி. நாங்கள் துணி கொடுக்க வேண்டிய குடும்பங்களின் பட்டியல் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. உடனே வழி சொல்லுங்கள். பத்தரைக்கு இங்கே மின்சாரம் போய்விடும்.

பெகு ராசு | 9.18

எந்த விண்டோஸ் தம்பி, பத்தா பதினொன்றா? எத்தனை இலக்க எண் கேட்கிறது? நீலத் திரையில் பல வகை உண்டு. திரையில் இருப்பதை ஒரு வரி விடாமல் எழுதுங்கள்.

தட்டோன் மாணிக்கம் | 9.24

இது பணம் பறிக்கும் வைரஸ், சந்தேகமே வேண்டாம். 2017 மே 12 அன்று உலகம் முழுவதும் பரவிய வானாக்ரை இப்படித்தான் திரையைப் பிடித்துக்கொண்டு 300 டாலர் கேட்டது. முதலில் வைஃபை இணைப்பைத் துண்டியுங்கள். அந்தக் கணினியில் செருகிய பென்டிரைவை வேறு எதிலும் செருகாதீர்கள். யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

இரங்கூன் பழையவன் | 9.31

விண்டோஸ் பதிப்பு இல்லை, கணினியின் வயது இல்லை, திரையின் வாசகம் இல்லை. வைத்தியரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர் எங்கே கை வைப்பார்? இருபது ஆண்டாக இதையே சொல்லி வருகிறேன். நகல் எடுத்து வைக்காத கோப்பை உங்கள் கோப்பு என்று எண்ணாதீர்கள். ஒரு பள்ளியின் பதிவேட்டை ஒற்றைக் கணினியில் வைத்திருந்ததுதான் முதல் தவறு. மற்றதெல்லாம் பிறகு.

பென்குயின் அன்பன் | 9.36

குமரன், பதற வேண்டாம். நண்பர் யாரிடமாவது விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் போட்ட பென்டிரைவ் இருந்தால் அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். வன்தட்டைத் திறந்து கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம். விண்டோஸின் கடவுச்சொல் அங்கே குறுக்கே வராது. மூன்று பேருக்கு இப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

கமாயுட் செல்வி | 9.40

குமரன் தம்பி, நானும் ஞாயிறு வகுப்பு எடுப்பவள்தான், உங்கள் அவசரம் புரிகிறது. ஒரே கேள்வி: நேற்று மூடியதற்கும் இன்று திறந்ததற்கும் இடையில் அந்தக் கணினியை யார் தொட்டார்கள்?

மோல்மேன் குமரன் | 9.52

படம் ஏற்ற முடியவில்லை, இணையம் இழுக்கிறது. விண்டோஸ் 10. மேலே பிட்லாக்கர் மீட்பு என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. 48 இலக்க எண் கேட்கிறது. கீழே எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான அடையாளம் ஒன்று இருக்கிறது. யாரும் பணம் கேட்கவில்லை. வைரஸா? புதிதாக எதையும் நிறுவவில்லை.

பெகு ராசு | 9.58

வைரஸ் இல்லை, நிம்மதியாக இருங்கள். பிட்லாக்கர் என்பது விண்டோஸின் பூட்டு. அதனால் உங்கள் வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கிறது. அதன் சாவி தாய்ப்பலகையில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் இருக்கும். கணினி தொடங்கும்போது எல்லாம் முன்பிருந்த நிலையிலேயே இருக்கிறதா என்று சில்லு சரிபார்க்கும். ஏதாவது மாறியிருந்தால், வேறு யாரோ வன்தட்டைத் திறக்கப் பார்க்கிறார்கள் என்று கருதிச் சாவியைக் கொடுக்காது. அப்போதுதான் இந்த 48 இலக்கத்தைக் கேட்கும்.

அன்பன் சொன்ன லினக்ஸ் வழி இங்கே உதவாது. பென்டிரைவிலிருந்து தொடங்கலாம், ஆனால் வன்தட்டு பூட்டிய பெட்டியாகவே தெரியும். மின்ட்டுக்கும் அதே 48 இலக்கம் வேண்டும்.

தவறான எண்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். முக்கியமாக, யார் சொன்னாலும் டிபிஎம்மை அழிக்கவோ விண்டோஸை மறுபடி நிறுவவோ விடாதீர்கள். செல்வி அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

மோல்மேன் குமரன் | 10.07

நேற்று ஒரு கடையில் கொடுத்திருந்தேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, பதினொன்றுக்கு மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரத் தம்பி சொன்னார். பிறகு, இந்தக் கணினி பதினொன்றை ஏற்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒன்றும் மாற்றவில்லை என்றுதான் சொன்னார். அதனால் அதை எழுதவில்லை.

இரங்கூன் பழையவன் | 10.10

இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் வீண்.

பெகு ராசு | 10.14

காரணம் தெரிந்துவிட்டது. பதினொன்றை ஏற்க வைப்பதற்காக அவர் விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் அமைப்புக்குள் போய் எதையோ திருப்பியிருப்பார், அல்லது முழுவதையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்திருப்பார். அவரைத் திட்ட வேண்டாம், எதை மாற்றினார் என்று மட்டும் கேளுங்கள். மாற்றியதைப் பழையபடி வைத்தாலே சில நேரம் சாவி தானாகக் கிடைத்துவிடும்.

அதைவிட முக்கியம், இந்தக் கணினியை முதன்முதலில் அமைத்தது யார்? யாருடைய மைக்ரோசாப்ட் கணக்கு போடப்பட்டது? அந்தக் கணக்கில் மீட்பு எண் இருக்க வாய்ப்பு மிக அதிகம். பல கணினிகளின் எண்கள் அங்கே வரிசையாக இருக்கலாம். உங்கள் திரையில் இருக்கும் நீளமான அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகள் எதனோடு ஒத்துப்போகின்றனவோ அதுதான் உங்களுடையது.

மோல்மேன் குமரன் | 10.26

அக்காள் மகன் அமைத்துக் கொடுத்தான். இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். பகலில் பேசினால்தான் எடுப்பான். மின்சாரம் போகப்போகிறது. காலையில் எழுதுகிறேன்.

தட்டோன் மாணிக்கம் | 10.41

வைரஸ் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் மனம் ஆறவில்லை. என் வீட்டுக்கு நான் கேட்காமலே பூட்டுப் போட்டு, சாவியைக் கடல் கடந்து எங்கோ வைத்திருப்பது என்ன நியாயம்? அந்த அக்காள் மகன் கணக்கின் கடவுச்சொல்லை மறந்திருந்தால் இத்தனை குடும்பங்களின் பட்டியல் போனதுதானே? கணினியை வாங்குகிறவருக்கு, பூட்டு இருக்கிறது என்பதே தெரியாது.

பென்குயின் அன்பன் | 10.49

மாணிக்கம் அண்ணன் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். லினக்ஸில் நிறுவும்போதே பூட்டு வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும் என்றால் கடவுச்சொல்லை நீங்களே வைப்பீர்கள். எந்த நிறுவனத்திடமும் சாவி இருக்காது. மூலநிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கிறது, ஒளித்து எதையும் வைக்க முடியாது. ஆதரவு முடிந்த பழைய கணினிகளைத் தூக்கி எறிய வேண்டியதும் இல்லை. மியான்மரில் இருக்கும் பள்ளிகள் எல்லாம் என்றோ மாறியிருக்க வேண்டும்.

இரங்கூன் பழையவன் | 10.58

ஒளித்து வைக்க முடியாதா? 2024 மார்ச் 29 நினைவிருக்கிறதா? லினக்ஸில் இருக்கும் எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியமாக உள்ளே நுழையும் பின்கதவு இருந்தது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்து அதை நுழைத்தார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரேஸ் ஃப்ராய்ண்ட். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்தார். அவர் வேலை பார்த்தது மைக்ரோசாப்டில். முதலில் இதைப் படித்துவிட்டு வாருங்கள், தம்பி.

பென்குயின் அன்பன் | 11.06

நிரல் திறந்திருந்ததால்தானே ஐயா அவரால் தோண்டிப் பார்க்க முடிந்தது? மூடிய மென்பொருளில் அந்த அரை நொடியை யார் கேட்டிருப்பார்கள்? 2024 ஜூலை 19ஐயும் நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு புதுப்பிப்பில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. மைக்ரோசாப்டே சொன்ன கணக்கு அது. பூட்டியிருந்த கணினிகளில் ஊழியர்கள் ஒவ்வொன்றாகப் போய் இதே 48 இலக்கத்தை அடிக்க வேண்டியிருந்தது.

தட்டோன் மாணிக்கம் | 11.15

இரண்டு பேரும் வெளிநாட்டுக் கதையே பேசுகிறீர்கள். நம் ஊர்க் கதை ஒன்று உண்டு. விண்டோஸ் 2000இல் தமிழுக்கு லதா எழுத்துரு வந்துவிட்டது. பர்மிய எழுத்துக்கு 2012இல் விண்டோஸ் 8 வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை மக்கள் சும்மா இருக்க முடியுமா? ஸாஜி என்ற எழுத்துருவைப் பிடித்துக்கொண்டார்கள். அது உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்குப் பொருந்தாது என்று தெரிந்தும் நாடே அதில் எழுதியது. 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறச் சொன்னார்கள். எங்கள் கோவிலின் பழைய பர்மியக் கடிதங்களை இன்று திறந்தால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பாமினியில் அடித்த தமிழ்க் கோப்புகளும் அப்படித்தான், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகின்றன. சிறிய மொழிக்காரர்களை நிறுவனங்கள் கடைசியில்தான் நினைக்கின்றன. அதனால்தான் பூட்டு என்றதும் எனக்குப் பயம் வருகிறது.

கமாயுட் செல்வி | 11.32

மாணிக்கம் அண்ணன், ஸாஜி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். ஆனால் பூட்டை அதோடு சேர்க்காதீர்கள்.

எங்கள் வகுப்பின் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பும் உறவினரின் தொலைபேசி எண். நம்மை நம்பி அந்தத் தாய்மார்கள் கொடுத்தவை அவை. போன ஆண்டு எங்கள் ஆசிரியை ஒருவரின் மடிக்கணினி பேருந்தில் காணாமல் போனது. பூட்டு இல்லாத கணினி. வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் போதும், அத்தனையும் வெளியே வந்துவிடும். அன்பன் மூன்று பேருக்கு எடுத்துக் கொடுத்தேன் என்கிறாரே, அதே வழிதான் திருடனுக்கும். வீடு வீடாகப் போய் அந்தத் தாய்மார்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பாட்டி ஒன்றும் கேட்கவில்லை. தன் பேரனின் எண்ணை அதில் எழுதிக் கொடுத்தது தான்தானே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றிலிருந்து பூட்டு இல்லாத கணினியில் ஒரு பெயரைக்கூட நான் ஏற்றுவதில்லை.

குறை பூட்டில் இல்லை. பூட்டுகிறோம், சாவி இங்கே இருக்கிறது, எழுதி வைத்துக்கொள் என்று வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் யாரும் சொல்லவில்லை. அதை வேண்டுமானால் கண்டிக்கலாம், நானும் சேர்ந்து கண்டிக்கிறேன். லினக்ஸ் பூட்டும் நல்ல பூட்டுத்தான் அன்பன், ஆனால் அங்கே கடவுச்சொல்லை மறந்தால் கோலாலம்பூரிலும் சாவி கிடைக்காது.

பென்குயின் அன்பன் | 11.47

அக்கா சொன்ன கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். மற்றதைப் பிறகு பேசுவோம்.

மோல்மேன் குமரன் | 17 அக்டோபர், காலை 10.35

மருமகன் பேசினான். அவன் கணக்கில் இருந்தது, முதல் எட்டு எழுத்தும் ஒத்துப்போகிறது. தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினான். அடித்தேன், ஐந்தாவது தொகுதியை மட்டும் ஏற்கவில்லை. 417268. அவன் மறுபடி வேலைக்குள் போய்விட்டான், எடுக்க மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

இரங்கூன் பழையவன் | 10.38

சாவியைப் பொதுவில் எழுதலாமா? ஒரு தொகுதிதான் என்றாலும் சாவி சாவிதான். மீதியை எழுதிவிடாதீர்கள்.

பெகு ராசு | 10.44

ஐயா சொல்வது சரி, மற்ற ஏழையும் எழுத வேண்டாம். இதற்கு வழி இருக்கிறது. 48 இலக்கமும் ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும், பிழையைப் பிடிப்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியதை வகுத்தால் 5 மிஞ்சுகிறது. 37,933ஐ 11ஆல் பெருக்கினால் 417263. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கடைசி இலக்கம் 8தானா, 3ஆ?

மோல்மேன் குமரன் | 10.51

3. தாளின் மடிப்பு அதன்மேல் விழுந்திருக்கிறது. திறந்துவிட்டது. பட்டியல் அப்படியே இருக்கிறது. அச்சகம் பன்னிரண்டுக்கு மூடிவிடும், ஓடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பெகு ராசு | 10.55

மகிழ்ச்சி. வந்ததும் அமைப்புகளுக்குள் போய் மறையாக்கத்தை ஒரு முறை நிறுத்தி மறுபடி போடுங்கள். புதிய மீட்பு எண் உருவாகும், பழையது செல்லாது. பட்டியலின் நகல் ஒன்றையும் இன்றே வேறு இடத்தில் வையுங்கள். பழையவன் ஐயா நேற்று கோபத்தில் சொன்னாலும் அதில் பிழை இல்லை.

கமாயுட் செல்வி | 11.02

புதிய எண்ணைக் கையால் தாளில் எழுதிப் பள்ளிப் பொறுப்பாளர் இருவரிடம் தனித்தனியாகக் கொடுங்கள், தம்பி. கணினிப் பைக்குள் வைக்காதீர்கள். 3, 8 இரண்டையும் தெளிவாக எழுதுங்கள்.

தட்டோன் மாணிக்கம் | 18 அக்டோபர், மாலை 6.20

குமரன் பதில் போடவில்லை, துணி கொடுக்கும் வேலையில் இருப்பார். எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் கோவில் கணினியிலும் இப்படிப் பூட்டு இருக்குமா? எங்கே பார்ப்பது? விண்டோஸ் 11, சென்ற ஆண்டு வாங்கியது, பதிப்பு 24எச்2 என்று இருக்கிறது. அமைத்துக் கொடுத்த பையன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான்.

பெகு ராசு | 6.34

அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், அதற்குள் சாதன மறையாக்கம். 24எச்2 புதிதாக நிறுவப்பட்டு மைக்ரோசாப்ட் கணக்கும் போட்டிருந்தால் பெரும்பாலும் பூட்டியிருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே அந்தப் பையனைக் கூப்பிட்டு எண்ணை வாங்குங்கள், அண்ணன். இன்றே கூப்பிடுங்கள்.

தட்டோன் மாணிக்கம் | 6.41

பூட்டித்தான் இருக்கிறது. கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.