அம்பாசிடரின் டேப்பெட் கவரை மாற்றிய அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய அம்பாசிடர். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, 1958 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான இந்த வண்டியைப் பற்றி, "அம்பாசிடர் என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மற்ற இடங்களுக்கு அது பொருந்தலாம். டேப்பெட் கவரைப் பொறுத்தவரை அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. எஞ்சினின் தலையில், வால்வுகளையும், அவற்றை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் கோத்த ராக்கர் ஷாஃப்டையும் மூடி நிற்கும் அந்தத் தகர மூடி இரண்டே நட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. அதனுள் பெரிய அழுத்தம் எதுவும் இல்லை. ஆகவே அது ஒழுகினால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும்.

சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் கருகிய ஆயில் வாடை உள்ளே வரத் தொடங்கியதுதான் முதல் அறிகுறி. இந்த எஞ்சினில் சைலன்சருக்குப் போகும் மேனிஃபோல்டு இடப்புறம் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளும் டிஸ்ட்ரிபியூட்டரும் வலப்புறம் இருக்கின்றன. இடப்புறம் கசியும் ஆயில் சூடான மேனிஃபோல்டின் மீது சொட்டிப் புகைந்துவிடுவதால், வண்டி நிறுத்துமிடத்தில் தரையில் ஒரு துளிகூட இருக்காது. ஆனால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு குறைந்துகொண்டே வரும். வழக்கமாக விடும் பட்டறையில் ஒவ்வொரு முறையும், கவருக்கும் எஞ்சின் தலைக்கும் இடையில் கசிவை அடைக்க வைக்கும் பேக்கிங்கை மாற்றி, அதன் இரு பக்கமும் சிலிக்கான் பேஸ்டைத் தாராளமாகப் பூசி, நட்டுகளை ஓங்கி முறுக்கி அனுப்பினார்கள். கொஞ்ச காலம் நின்று, பிறகு முன்னைவிட அதிகமாகவே ஒழுகியது.

எனவே, கசிவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இது முக்கியம், ஏனென்றால் இந்த எஞ்சினின் இடப்புறத்தில், மேனிஃபோல்டுக்குக் கீழே, ராக்கர்களைத் தள்ளும் கம்பிகளான புஷ் ராடுகள் இறங்கும் அறைகளை மூடும் இரண்டு பக்க மூடிகளும் இருக்கின்றன. அவற்றுக்கும் கார்க் பேக்கிங்தான், அவையும் ஒழுகும். எஞ்சினின் பக்கவாட்டை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைக் கவரின் விளிம்பைச் சுற்றியும் கீழேயும் தூவிவிட்டு, எஞ்சினை நின்றபடியே ஓடவிட்டேன். சூடேறியதும், பின்பக்க நட்டுக்கு நேர் கீழே, விளிம்பை ஒட்டிய வெள்ளைப் பவுடரில் விரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்பு நிறம் பரவி, அங்கிருந்து மெல்லிய கோடாகக் கீழே இறங்கியது. பக்க மூடிகளின் மேலிருந்த பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

ஏர் கிளீனரையும், கவரிலிருந்து அதற்குப் போகும் ரப்பர் குழாயையும் கழற்றி, இரண்டு நட்டுகளையும் எடுத்த பிறகும் கவர் அசையவில்லை. சிலிக்கான் அப்படிப் பிடித்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால் விளிம்பு வளைந்துவிடும் என்பதால், பக்கவாட்டில் மரக்கட்டையை வைத்துத் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே பிதுங்கியிருந்த சிலிக்கான், சிவப்பு ரப்பர் துண்டுகளாக ராக்கருக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது பிய்ந்து ஆயிலோடு சேர்ந்து எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குப் போய், ஆயில் பம்ப்பின் வடிகட்டியில் அடைத்தால் எஞ்சினுக்கே ஆபத்து. கசிவைவிட எனக்கு இதுதான் அதிகக் கவலையைக் கொடுத்தது.

கவரைக் கழுவித் துடைத்து, ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் கவிழ்த்து வைத்தபோது விஷயம் விளங்கிவிட்டது. நட்டுகளுக்கு நேரே இருந்த பகுதி கண்ணாடியைத் தொட்டது. ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டு நின்றன. கார்க் பேக்கிங் மெல்லிய, சீரான அழுத்தத்தில்தான் அடைக்கும். நட்டை மேலும் முறுக்கும்போது அழுத்தம் எல்லா இடத்துக்கும் பரவுவதில்லை. நட்டைச் சுற்றியுள்ள தகரம் உள்வாங்கி, மற்ற இடங்களில் விளிம்பு தூக்கிக்கொள்கிறது, கார்க்கும் ஓரிடத்தில் நசுங்கி வெளியே பிதுங்குகிறது. இதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஜி.பி. காரின் பட்டறைக் கையேடு இந்த நட்டுகளுக்குச் சொல்லும் முறுக்கு விசை வெறும் 4 பவுண்டு-அடி. சிலிண்டர் ஹெட் நட்டுகளுக்கு அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் வேண்டும். இரண்டையும் ஒரே ஸ்பானரால் ஒரே வேகத்தில் முறுக்குவது நம் பட்டறைகளில் சாதாரணம்.

வளைந்த கவரை மரக்கட்டையின் மேல் வைத்து டிங்கர் வேலை தெரிந்தவர் நிமிர்த்திவிடலாம். என்னுடையது ஏற்கெனவே தட்டப்பட்டு, நட்டுத் துளையின் ஓரத்தில் விரிசலும் விட்டிருந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று. சென்னை ஜி.பி. ரோட்டில் பார்த்த புதிய கவர் பளபளப்பாக இருந்தாலும், விரலால் அழுத்தினாலே அமுங்கும் அளவுக்கு அதன் தகரம் மெல்லியது. புதுப்பேட்டையில் கிடைத்த பழைய கவருக்கு வண்ணம் போயிருந்ததே தவிர, கனம் இருந்தது. கடைக்காரரிடம், "அண்ணே, உங்க மேஜைக் கண்ணாடி மேல ஒரு தடவை வைச்சுப் பார்த்துக்கறேன்" என்று கேட்டு வைத்துப் பார்த்தேன். விளிம்பின் அடியில் எங்கும் வெளிச்சம் தெரியவில்லை. என் கருத்தில், இந்த வண்டிக்கு நேரான பழைய கவர் மெல்லிய புதிய கவரைவிட மேலானது.

கவர் திறந்திருக்கும்போதே டேப்பெட் இடைவெளியையும் (ராக்கருக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி) பார்த்துவிடுவது நல்லது. எட்டு வால்வுகள் என்பதால் கணக்கு எளிது: முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணோடு கூட்டினால் ஒன்பது வரும் வால்வைச் சரி செய்ய வேண்டும். எட்டாவது திறந்திருந்தால் முதலாவது, மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது.

புதிய கார்க் பேக்கிங் கடையில் நெடுநாள் கிடந்து காய்ந்து, கவரைவிடச் சற்றுக் குட்டையாகச் சுருங்கியிருந்தது. வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவைத்ததும் பழைய அளவுக்கு வந்தது. பிறகு துடைத்துவிட்டுப் பொருத்தினேன். கவரின் பக்கம் மட்டும் பேஸ்டை மெல்லிய படலமாகத் தடவி ஒட்டிவிட்டு, ஹெட்டின் பக்கம் லேசாகக் கிரீஸ் மட்டும் பூசினால், அடுத்த முறை டேப்பெட் பார்க்கும்போது பேக்கிங் கிழியாமல் கவரோடு எழும்பிவரும். நட்டுகளின் அடியிலுள்ள ரப்பர் புஷ்கள் கல்லாக இறுகியிருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் நட்டுத் துளை வழியாகவே ஆயில் மேலே வந்து வழியும். இரண்டு நட்டுகளையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ரப்பர் அமுங்கியதும் நிறுத்திவிட்டேன். வாடையும் போயிற்று, மேனிஃபோல்டும் உலர்ந்தே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா சொன்ன கண்ணாடிச் சோதனை மிகவும் பயனுள்ளது. என்னிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்த மாருதி 800, 796 சி.சி., மூன்று சிலிண்டர். அதிலும் டேப்பெட் கவர் பேக்கிங்கை மாற்றிய பிறகும் ஈரம் நிற்கவில்லை. கவரில் குறையே இல்லை. கேம்ஷாஃப்டின் முனைப்பக்கம் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலிருந்த ரப்பர் வளையம் காய்ந்துபோய், அங்கிருந்து வந்த ஆயில்தான் ஹெட்டின் ஓரமாக ஓடிக் கவரிலிருந்து வருவதுபோல் தோற்றம் காட்டியது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுவதற்கு முன் அது நின்ற இடத்தில் ஒரு கோடு கீறிக்கொண்டால், திரும்பப் பொருத்தும்போது டைமிங் பெரிதாக மாறாது.

சென்னையிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

இரண்டாம் கையாக வாங்கிய ஜெர்மானிய கார் ஒன்றில் என் அனுபவம் வேறு வகையானது. அதில் கவர் பிளாஸ்டிக்கால் ஆனது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வும் ரப்பர் சவ்வும் கவருக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. சவ்வு கிழிந்ததால் எஞ்சின் நின்றபடி ஓடும்போது விசில் போன்ற சத்தம் வந்தது. பல ஆண்டு வெப்பத்தில் பிளாஸ்டிக்கும் வளைந்து, ஸ்பார்க் பிளக் குழிகளில் ஆயில் தேங்கி, காயில் ஒன்று கெட்டு, எஞ்சின் துடிக்கத் தொடங்கியது. இவ்வகைக் கவரில் பேக்கிங்கை மட்டும் மாற்றுவது பணவிரயம் என்றே நினைக்கிறேன். முழுக் கவரையும் மாற்றி, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கிய பிறகுதான் சரியானது. உங்கள் அம்பாசிடரில் காற்று வெளியேறும் வழி அடைத்திருந்ததா என்று பார்த்தீர்களா?

முதலில் எழுதியவர்:

பார்த்தேன். என் வண்டியில் முன்பக்கப் பக்க மூடியிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் ப்ரீதர் குழாயில் கரி படிந்து பாதி வழி அடைத்திருந்தது. கம்பியில் துணி சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிச் சுத்தம் செய்தேன். கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் குழாய் தெளிவாகவே இருந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டியானால் இவ்விரண்டையும் சுத்தம் செய்தாலும் உள்ளே அழுத்தம் கூடிக்கொண்டுதான் இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பலமாகத் தள்ளிக்கொண்டு வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே கவருக்கும் பேக்கிங்குக்கும் செலவு செய்யுங்கள்.